அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ரேஸ் சைக்கிள் வாங்கலாமா?

கேள்வி: சுன்னாகத்தில் இருக்கிறேன். யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் வேலை. போக வர பஸ்ஸுக்கும், பிந்திப்போகிற நாட்களில் ஓட்டோவுக்குமாக மாதம் 5,000 ரூபாய் போகிறது. பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கி வேலைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்தித்துறைப் பக்கம் ஓடவும் ஆசை. இதற்கென்று 42,000 சேர்த்திருக்கிறேன், மாதம் இன்னும் 4,000 போடலாம். வங்கியில் அவசரத்துக்கு வேறாக 60,000 கிடக்கிறது, அதைத் தொட விருப்பமில்லை. ஒருவர் அலுமினிய ஃபிறேம் சைக்கிள் ஒன்றுக்கு 65,000 கேட்கிறார். குறையும் காசுக்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா, அல்லது தெரிந்தவரிடம் நூற்றுக்கு 4 வட்டிக்கு வாங்கலாமா?

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். அவசரக் காசைத் தொடக்கூடாது என்று நினைக்கிறீர்கள் அல்லவா, அதே நினைப்பு சங்கிலிக்கும் வேண்டும். வீட்டில் ஒருவருக்கு வருத்தம் வந்தால் உடனே காசாக மாறக்கூடிய பொருள் அதுதான்.

வட்டிக் கணக்கைப் பாருங்கள். பழைய சைக்கிள் எதுவானாலும் முதல் மாதத்திலேயே ரயர், ரியூப், செயின், பிறேக் கட்டை என்று செலவு நீளும். அதற்கு 12,000 வைப்போம். 65,000த்தோடு சேர்த்தால் 77,000. உங்களிடம் இருப்பது 42,000, ஆக கடன் 35,000. நூற்றுக்கு 4 என்பது மாதத்துக்கு 1,400. முதலைக் குறைக்காமல் ஒரு வருடம் இழுத்தால் வட்டி மட்டும் 16,800. எல்லாமாக 93,800.

சைக்கிள் மிச்சம் பிடிப்பது எவ்வளவு? ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழையில் எப்படியும் பஸ்தான். மற்ற 9 மாதமும் ஓடினால் 45,000. பராமரிப்புக்கு மாதம் 1,000 கழித்தால் வருடத்துக்கு 33,000. கடனோடு வாங்கிய சைக்கிளின் காசு திரும்பி வர கிட்டத்தட்ட 2 வருடமும் 10 மாதமும் ஆகும். 42,000க்குள் முடித்தால் 15 மாதத்தில் வந்துவிடும். ஆகவே விலையாக 30,000 வரை கொடுங்கள், 12,000ஐத் திருத்த வேலைக்கு ஒதுக்கி வையுங்கள். அந்த விலைக்கு இரும்பு ஃபிறேமில், ஹாண்டிலில் அல்லாமல் ஃபிறேமின் சாய்ந்த பாறிலேயே கியர் கைப்பிடி வைத்த பழைய ரகம்தான் தேடவேண்டிவரும். குறையாக எண்ணவேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இறக்கம் கிடையாது, இரும்பின் பாரம் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. பிறேக்கோடு சேர்ந்த கியர் கைப்பிடி பழுதானால் அது ஒன்றே பெரிய செலவு, பாறில் இருக்கும் கைப்பிடியில் பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. காபன் ஃபிறேம் மலிவாக வந்தாலும் இந்தக் காசில் தொடாதீர்கள். உள்வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

பார்க்கப் போகும்போது பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றைக் கொண்டுபோங்கள். செயினில் ஒரு ஆணியின் நடுவை பூச்சியத்தில் வைத்துப் பிடித்தால், புதுச் செயினில் அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணி 24ஆவது ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது ஒரு வீசம், அதாவது 1/16 அங்குலம், தள்ளி நின்றால் செயின் முடிந்தது, மாற்றவேண்டும். அரைக்கால், 1/8, தள்ளி நின்றால் பின்சில்லின் பற்களும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அதன் மேல் புதுச் செயின் போட்டால் மிதிக்க மிதிக்க வழுக்கும். இரண்டையும் மாற்றும் செலவை அங்கேயே விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஃபிறேம். பல வருடத்துக்கு முன் நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன், பெயின்ற் பளபளவென்று இருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெடல் அச்சுக்கு மேலே பெயின்ற் மயிரிழை மாதிரிப் பிளந்தது. நகத்தால் சுரண்டினேன், கீழே இரும்பிலும் அதே கோடு. யாரோ ஒட்டி, பூசி விற்றிருக்கிறார்கள். அன்றிலிருந்து புதுப் பெயின்ற் என்றாலே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒட்டுகளைப் பார்ப்பேன். பெடல் அச்சு, சீற் தண்டு, முன் ஹாண்டில் கழுத்து, மூன்று இடத்திலும் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

கடற்கரைப் பக்கம் ஓடிய சைக்கிள் என்றால் சீற் தண்டை இளக்கி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். உப்புக்காற்றில் அலுமினியத் தண்டு இரும்புக்குள் இறுகிப்போனால் கழற்றுவது பெரும்பாடு. உங்கள் உயரத்துக்குச் சீற்றை மாற்ற முடியாத சைக்கிள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ரயரின் பக்கத்தில் 700-23 என்று இருந்தால், 23 என்பது மில்லிமீற்றரில் ரயரின் அகலம், ஒழுங்கைக் குழிகளுக்கு அது மெல்லிசு. ஃபிறேமுக்குள் 28 போட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வால்வு மெல்லியதாக, நுனியில் திருகோடு இருந்தால் அதற்கொரு சின்னப் பித்தளை இணைப்பு வாங்கிப் பையில் வையுங்கள். அது இல்லாமல் ஊர்க்கடைப் பம்ப் பிடிக்காது.

உங்களுக்குத் தெரிந்த சைக்கிள் கடைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது எல்லாவற்றையும் விட நல்லது. அரைநாள் கூலியாக 1,000 ரூபாய் கையில் வையுங்கள், அவர் கண்ணில் படாதது குறைவு.

ஒரு கடுதாசி எழுதாமல் காசு கொடுக்கவேண்டாம். பெரும்பாலான சைக்கிள்களில் பெடல் அச்சுக்கு அடியில் ஃபிறேம் நம்பர் அடித்திருக்கும். அந்த நம்பர், விலை, திகதி, விற்பவரின் அடையாள அட்டை நம்பர், கையெழுத்து, இவ்வளவும் போதும். நம்பரை அரம் போட்டு அழித்திருந்தாலோ, கையெழுத்துக்கு ஆள் பின்னடித்தாலோ திரும்பி வாருங்கள். களவுச் சைக்கிள் என்று தெரிந்தால் பொலிஸ் எடுத்துக்கொண்டு போகும், கொடுத்த காசைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

சரி, அந்த 65,000க்காரரிடம் என்ன சொல்வது? நேரே 30,000 சொல்லிப் பாருங்கள், இறங்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். விட்டுவிடுங்கள். இப்போது ஆவணி. மழை தொடங்க அதிக நாளில்லை, வாங்கினாலும் வீட்டு விறாந்தையில்தான் நிற்கும். மாதம் 4,000 போட்டுக்கொண்டு வந்தால் தைக்குள் உங்களிடம் 62,000 இருக்கும். 12,000 திருத்தத்துக்குப் போக 50,000. அந்தக் காசோடு அவரிடமே ஒருமுறை போய்க் கேளுங்கள். சைக்கிள் இன்னும் விற்காமல் நின்றால் விலையும் அந்த 65,000இல் நிற்காது.