தேய்க்க முதல் ஊறவிடுங்கள்

கேள்வி: எங்கள் வெள்ளைக் காரின் பின்கதவில் பிள்ளை பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு முழ நீளத்துக்குக் கீறிவிட்டான். சவர்க்காரத்தாலும் மண்ணெண்ணெயாலும் துடைத்துப் பார்த்தோம், போகவில்லை. பக்கத்துக் கராச்சில் தின்னர் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: போடவேண்டாம். அந்தக் கதவில் இருப்பது கம்பனிப் பெயின்றா, பிறகு அடித்ததா என்று தெரியாமல் எதையும் போடக்கூடாது.

கம்பனிப் பெயின்றில் பெரும்பாலும் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத படை இருக்கும். அதன் தடிப்பு 40, 50 மைக்ரோன்தான், தலைமயிரிலும் மெல்லியது. பழைய ஜப்பான் வெள்ளைக் கார்கள் சிலவற்றில் அதுவும் இராது. கராச்சில் என்.சி. (நைற்றோசெலுலோஸ்) பெயின்ற் அடித்திருந்தால் கதையே வேறு. அது காய்ந்து எத்தனை வருடமானாலும் தின்னர் பட்டதும் திரும்பக் கரையும், மையோடு சேர்ந்து நிறமும் துணியில் வந்துவிடும்.

சோதிப்பது சுகம். பெற்றோல் மூடியின் உட்பக்கத்தில், பாமசியில் வாங்கும் 70 வீத சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துப் பத்து விநாடி வையுங்கள். வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணிதான் வேண்டும். வெள்ளைத் துணியில் வெள்ளை நிறம் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பிறகு விரலால் தொட்டுப் பாருங்கள். துணியில் நிறம் ஏறியிருந்தாலோ பெயின்ற் பிசுபிசுத்தாலோ மினுக்கம் மங்கினாலோ ஸ்பிரிட்டை விட்டுவிட்டுப் பொலிஷால் மட்டும் எடுங்கள். பின்கதவு மட்டும் தனியாகப் பெயின்ற் அடிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், அந்தக் கதவின் உள்விளிம்பிலும் இதையே செய்யுங்கள்.

மண்ணெண்ணெய் தோற்றதற்குக் காரணம் உண்டு. மார்க்கர் மை என்பது சாயமும் பிசினும் அல்கஹோலில் கரைந்த கலவை. அல்கஹோல் பறந்ததும் பிசின் சாயத்தைப் பிடித்துக்கொண்டு காய்கிறது. அதைத் திரும்பக் கரைக்க அல்கஹோல்தான் வேண்டும், எண்ணெய்க்கு அது மசியாது. இப்போது கதவில் மண்ணெண்ணெய்ப் படலமும் இருக்கிறது. அதைக் கழுவாமல் ஸ்பிரிட் போட்டால் மையில் சரியாகப் பிடிக்காது.

ஆகவே காலையில், நிழலில், கதவு சூடேற முதல் தொடங்குங்கள். சூடான தகட்டில் ஸ்பிரிட் மையைக் கரைக்க முதலே பறந்துவிடும். கார் ஷாம்பு போட்டு நிறையத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். கிறவல் வீதியில் ஓடும் வண்டிக்கு இதில் அவசரம் கூடாது. ஒட்டியிருக்கும் புழுதி துணியின் அடியில் மணற்கடதாசியாகிவிடும்.

ஸ்பிரிட்டையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலவுங்கள், 50 மில்லிலீற்றர் போதும். மைக்ரோபைபர் துணியின் ஒரு மூலையை நனைத்துக் கோட்டின் மேல் 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள், தேய்க்கவேண்டாம். பிறகு கோட்டின் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி ஒரே ஒரு இழுப்பு. துணியைப் பாருங்கள்: கறுப்பு மை ஓரங்களில் ஊதாவாகப் பிரிந்து வந்திருக்கும். பல சாயம் சேர்ந்ததுதான் அந்தக் கறுப்பு. உடனே துணியின் சுத்தமான மடிப்புக்கு மாறுங்கள். அழுக்கான பக்கத்தாலேயே திரும்பத் துடைத்தால் கோடு போய்ச் சாம்பல் நிறத் திட்டுத்தான் வரும். ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குல நீளம் மட்டும் எடுங்கள். எடுத்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இதற்கு அசையாவிட்டால் தண்ணீர் கலக்காத ஸ்பிரிட். நிற்கும் கதவில் ஸ்பிரிட் வழிந்துவிடுகிறதென்றால், ஜெல்லாக வரும் அல்கஹோல் சனிடைசரைப் பூசுங்கள். அரை நிமிடம் அப்படியே ஒட்டி நிற்கும். வீட்டில் கொரோனாக் காலத்துப் போத்தல் மிஞ்சியிருந்தால் இதற்குத்தான். பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ வேண்டாம்.

நகப்பூச்சு நீக்கியும் தின்னரும் ஒரே வகைதான். பின்விளக்கின் பிளாஸ்ரிக்கில் பட்டால் அது வெளுத்து வெடிப்பு விடும். பிரேக் ஒயில் மையை எடுக்கும் என்பார்கள். உண்மைதான், பெயின்றையும் சேர்த்து எடுக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பஞ்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடைசியில் இளம் ஊதா நிழல் ஒன்று மிஞ்சலாம். அது படைக்குள் ஊறிய சாயம், ஸ்பிரிட்டுக்கு இனி அசையாது. ஃபைன் பொலிஷ் ஒரு பயறளவு எடுத்து, ஈரமான ஃபோம் துண்டால், உள்ளங்கையளவு இடத்தில் முப்பது முறை மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். பொலிஷின் நிறமல்லாமல் பெயின்றின் வெள்ளையே துணியில் ஏறினால் உங்கள் காருக்குக் கிளியர் கோட் இல்லை, தேய்வது நிறமேதான். எப்படியானாலும் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். மிச்ச நிழலை வெயிலுக்கு விடுங்கள். இந்தச் சாயங்கள் பெரும்பாலும் வெயிலில் மங்கும், நம்மூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஸ்பிரிட் பட்ட இடத்தில் பழைய வாக்ஸ் போயிருக்கும், புதிதாக ஒருமுறை பூசுங்கள். அண்மையில் பெயின்ற் அடித்த வண்டி என்றால் மூன்று மாதம் கழியட்டும்.

பிள்ளை போல்பொயின்ற் பேனையாலும் கீறியிருந்தால், துடைக்க முதல் நகத்தால் குறுக்கே தடவிப் பாருங்கள். நகம் தடக்கினால் பேனை முனை படையை உழுதிருக்கிறது. மை போனாலும் அந்தப் பள்ளம் பொலிஷுக்கு மறையாது. அதற்கு நிற இலக்கம் பார்த்து டச்-அப் செய்வதுதான் வழி.