256 பின் சிப்புக்கு 8 லேயர் போர்டு வேண்டுமா?

கேள்வி: 256 பின் உள்ள பி.ஜி.ஏ. வகை (அடிப்பக்கத்தில் பின்கள் வரிசை வரிசையாக உள்ள) எஃப்.பி.ஜி.ஏ. (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) ஒன்றை 4 லேயர் சர்க்யூட் போர்டில் வைக்கிறேன். பின்களின் இடைவெளி 0.8 மி.மீ. இணைப்புக் கோடுகளைத் தானே வரையும் ஆட்டோரவுட்டர் மென்பொருள் பாதியில் நின்றுவிடுகிறது. போர்டு செய்துதரும் ஏஜென்ட், ‘8 லேயரும் பேடுக்குள்ளேயே (பின்னை ஒட்டும் செம்புப் பொட்டு) வயாவும் (லேயர்களை இணைக்கும் துளை) இல்லாமல் நடக்காது’ என்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. 0.8 மி.மீ.க்கு இரண்டுமே வீண் செலவு. முதலில் ஆட்டோரவுட்டரை மூடுங்கள். பி.ஜி.ஏ.வுக்கு அடியிலிருந்து டிரேஸ்களை (செம்புக் கோடுகளை) வெளியே கொண்டுவருவது கையால் செய்யவேண்டிய வேலை.

16க்கு 16 வரிசையில் வெளிச்சுற்றில் 60 பின், அடுத்து 52, 44, 36. நான்கு சுற்றிலேயே 192 போய்விட்டது. நடுவில் மிஞ்சும் 64இல் பெரும்பாலும் பவரும் கிரவுண்டும்தான். அவை வயா வழியே உள் லேயருக்கு இறங்கிவிடும். முதல் சுற்று மேல் லேயரில் நேராக வெளியேறும், இரண்டாவது அதன் பேடுகளுக்கு நடுவே நுழைந்து போகும். மூன்றும் நான்கும் கீழ் லேயரில்.

வயாவை நான்கு பேடுகளின் மையத்தில் வையுங்கள்: துளை 0.2, வெளிவட்டம் 0.45 மி.மீ. அடுத்தடுத்த வயாக்களுக்கு நடுவே 0.35 கிடைக்கும். 0.1 டிரேஸ், இருபுறமும் 0.125 இடைவெளி. ஒன்றுதான் போகும், அது போதும்.

அப்படியும் டிரேஸ்கள் குறுக்கே வந்தால் பின்னை மாற்றுங்கள், அதாவது சிக்னலை வேறொரு பின்னுக்குக் கொடுங்கள். எஃப்.பி.ஜி.ஏ.வின் வசதியே அதுதான். ஆனால் எல்லாப் பின்னையும் மாற்ற முடியாது. கிளாக் உள்ளே வரும் பின், சிப்புக்குள் டிசைனை ஏற்றும் கான்ஃபிகரேஷன் பின் ஆகியவை வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். வேறு வோல்டேஜில் ஓடும் பேங்குக்கு (பின்களின் தொகுதி) ஒரு சிக்னலைத் தள்ளக் கூடாது. டி.டி.ஆர். மெமரி இருந்தால் ஒரு பைட்டுக்குரிய டேட்டா பின்களை அந்தப் பைட்டுக்குள் மட்டுமே மாற்றலாம். அதன் ஸ்ட்ரோப் ஜோடியை (டேட்டாவைப் படிக்கும் நேரத்தைக் காட்டும் இரு பின்கள்) தொடவே வேண்டாம். போர்டில் அழகாக வந்துவிட்டது என்று மகிழ்ந்து, எஃப்.பி.ஜி.ஏ. மென்பொருளின் கம்பைலர் மறுக்கும்போது தலையில் கைவைப்பவர்கள் ஏராளம். மாற்றியவுடன் அந்த மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள்.

சரி, ஏஜென்ட் விஷயம். பேடுக்குள் வயா வைத்தால் துளையை ரெசினால் அடைத்து, மேலே செம்பு பூச வேண்டும். அடைக்காமல் விட்டால் சால்டர் துளைக்குள் வடிந்துவிடும். இணைப்பு சிப்புக்கு அடியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் பிடிபடும். இதைப் பரிந்துரைப்பவர் அடைக்கும் செலவையும் விலைப்பட்டியலில் காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். 0.5 மி.மீ. இடைவெளி என்றால் இந்த முறை பெரும்பாலும் தேவைப்படும், உங்களுக்கு வேண்டாம்.

எந்த ஃபேக்டரியில் அடிக்கிறார்கள் என்பதைப் பல ஏஜென்ட்கள் சொல்வதே இல்லை. விளம்பரத்தில் ‘டிரேஸ் 0.1 மி.மீ. வரை’ என்று பெரிதாகப் போடுவார்கள்; சாதாரண விலையில் அது கிடைக்குமா என்பது நாலு மெயில் போட்ட பிறகுதான் தெரியும். லேயர் அடுக்கையும் துளை அளவையும் ஒரு பக்கத்தில் எழுதித்தர ஏன் இத்தனை இழுபறியோ! உங்களைக் கேட்காமலே கெர்பரில் (போர்டு தயாரிப்புக்கு அனுப்பும் கோப்பு) டிரேஸைத் திருத்துகிறவர்களும் உண்டு. ‘ஒப்புதலின்றி எதையும் மாற்றக் கூடாது’ என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

முழு போர்டும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிப்பைச் சுற்றியுள்ள பகுதியின் கெர்பரை மட்டும் இப்போதே அனுப்பி, இந்த அளவுகளில் செய்ய முடியுமா, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கும் ‘8 லேயர் போடுங்கள் சார்’ என்றே பதில் வந்தால், வேறு ஆளைப் பாருங்கள்.