கப்பியை ஏன் கழற்றினீர்கள்?

கேள்வி: ஆடிக் காற்றில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. கிணற்றில் பத்தடியில் தண்ணீர் கிடக்கிறது. மோட்டார் போட்டபோதே கப்பியைக் கழற்றிக் கம்பி மூடி போட்டுவிட்டதால் கேன் வாங்கினோம். இன்வெர்ட்டர் மூன்றரை மணி நேரத்தில் படுத்துவிட்டது. ஆட்ட ஊறப்போட்ட அரிசி கெட்டது. "மிஷினுக்கு அடிமையாகிவிட்டோம், பழைய வாழ்க்கையே மேல்" என்கிறார் மாமனார். சரிதானா?
– வாசகி, புளியரை

பதில்: சரியில்லை. அந்தப் பழைய வாழ்க்கையில் ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்தது யார் என்று அவரிடமே கேளுங்கள். கிரைண்டர் வந்தது பெண்களின் தோளுக்கும் இடுப்புக்கும் கிடைத்த விடுதலை. அதைத் திருப்பிக் கொடு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் உங்கள் வீட்டிலும் தவறு இருக்கிறது. மோட்டார் வாங்கியது சரி. கப்பியைக் கழற்றியதுதான் தவறு. ஆரியங்காவு கணவாய் வழியே ஆனி, ஆடியில் காற்று வரும், தென்னை மட்டை கம்பியில் விழும் என்பது புளியரையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏற்பாடு இல்லை.

முதலில் இன்வெர்ட்டர். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி என்றால் பெருக்கினால் 1,800 வாட் மணி. ஒட்டச் சுரண்டாமல், இழப்பும் போக, 1,200 கையில் நிற்கும் என்று வையுங்கள். பழைய ஃபேன் ஒன்று 75 வாட். மூன்று ஃபேன், நாலு பல்பு, டிவி எல்லாம் ஓடினால் 350 வாட். மூன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். ஒரு ஃபேன், இரண்டு எல்இடி பல்பு என்று நிறுத்தியிருந்தால் பன்னிரண்டு மணி நேரம் வந்திருக்கும். கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி வகை ஃபேனாக இருந்தால் 30 வாட்தான். ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம்.

அரிசியையும் காப்பாற்றியிருக்கலாம். இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஏறக்குறைய 150 வாட், அதாவது இரண்டு ஃபேன். உளுந்தும் அரிசியும் ஆட்ட ஒரு மணி நேரம் ஆனாலும் பேட்டரியில் எட்டில் ஒரு பங்குதான் போகும். இன்வெர்ட்டர், லைன் கரண்டைப் போலவே சீரான அலையாகக் கொடுக்கும் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவில் கிரைண்டர் மோட்டார் உறுமிச் சூடேறும். கரண்ட் போன முதல் மணி நேரத்திலேயே டிவியை அணைத்துவிட்டு ஆட்டிவிட வேண்டும்.

நான் சொன்ன கணக்குக்கு முன்னாலேயே பேட்டரி படுத்தால், அதன் மேல் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவையைப் பாருங்கள். சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருந்தால் உள்ளே தகடு காற்றுப்பட்டுக் கெடுகிறது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆர்ஓ தண்ணீரும் கூடாது, ஆசிடும் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பூஜை விளக்குப் பக்கத்தில் பேட்டரியை வைக்காதீர்கள்.

இனி கிணறு. அரை குதிரைத்திறன் மோட்டாரே கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் தாங்காமல் டிரிப் ஆகிவிடும். எனவே தண்ணீருக்குக் கைதான் வழி. நாலு பேருக்கு நாளைக்கு 160 லிட்டர் என்று வைத்தால் பத்து லிட்டர் வாளியில் பதினாறு தடவை. பத்தடிக் கிணற்றில் ஒருவர் இறைக்க அரை மணி நேரம்கூட ஆகாது. இதற்கா கேன் வாங்கினீர்கள்?

கம்பி மூடியை எடுக்க வேண்டாம், குழந்தைகள் இருக்கும் வீடு. அதிலேயே வாளி போய்வரும் அளவுக்கு ஒரு கதவு வெட்டிப் பூட்டுப் போடுங்கள். அந்தக் கதவுக்கு நேர் மேலே இரும்புக் குழாயைக் குறுக்கே பதித்துக் கப்பியை மாட்டுங்கள். கயிற்றின் தடிமனும் கப்பியின் பள்ளமும் பொருந்த வேண்டும். கயிறு மெலிந்தால் பள்ளத்திலிருந்து துள்ளி, சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். பிறகு வாளி ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. நைலான் கயிறு மக்காது, ஆனால் ஈரக்கையில் வழுக்கி உள்ளங்கையைச் சுட்டுவிடும். தேங்காய்நார்க் கயிறு பிடிப்பாக இருக்கும். இறைத்ததும் எடுத்துக் காயப்போடாவிட்டால் முடிச்சுப் பக்கம் உளுத்து, ஒரு நாள் வாளியோடு அறுந்து விழும். அப்படி விழுந்த வாளியைக் கொக்கியில் மாட்டி எடுக்கத்தான் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு பாதாளக் கரண்டி வைத்திருந்தார்கள். உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கட்டும். மாதம் ஒரு தடவையாவது கப்பியில் இறையுங்கள், அச்சில் கிரீஸ் காயாது.

கரண்ட் வந்ததும் எல்லா ஸ்விட்சையும் ஒன்றாகப் போடாதீர்கள். வோல்டேஜ் நிலைக்கப் பத்து நிமிடம் விட்டு, பிறகு ஃப்ரிட்ஜைப் போடுங்கள். மோட்டார் உறுமிச் சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள், விட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று எரிந்துவிடும். சுற்றியும் தண்ணீர் வராவிட்டால், கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் இலையோ மணலோ சிக்கிக் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கியிருக்கும். மோட்டாரை அணைத்து, பம்பின் மேலுள்ள மூடியைத் திறந்து, நிரம்பி வழியும்வரை தண்ணீர் ஊற்றி, இறுக்கிவிட்டுப் போடுங்கள். ஊற்ற ஊற்ற மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தால் வால்வைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.