எரேமியாவின் கடிதத்தை முழுசாகப் படியுங்கள்

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் 11 வருஷமாக வேலை செய்கிறேன். 12 மணி நேர ஷிஃப்ட். ஃபேக்டரி பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் வருகிறேன். ஆட்குறைப்பு வரும் என்று பேச்சு, வி.எஸ்.எஸ். (தொகை வாங்கிக்கொண்டு நாமே விருப்பப்பட்டு விலகும் திட்டம்) பாரமும் கையில் கொடுத்துவிட்டார்கள். சபை வாட்ஸ்அப்பில் எரேமியா 29:11ஐ, ‘உங்கள்மேல் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே’ என்று கர்த்தர் சொல்லும் வசனத்தை, ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். படித்தால் மனதில் ஒன்றும் ஒட்டவில்லை. ஜனவரியில் ‘ஒரு வருடத்தில் பைபிள்’ அட்டவணை எடுத்து லேவியராகமத்தில் நின்றுவிட்டேன். பாரத்தில் கையெழுத்துப் போடலாமா என்று ஜெபித்து, கண்ணை மூடி பைபிளைத் திறந்தேன். ஏதோ வம்ச வரலாறு வந்தது. இந்தக் காலத்து வாழ்க்கைக்கு அந்தப் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது? எனக்கு விசுவாசம் போதவில்லையா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, விசுவாசக் குறைவு என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். உங்களுக்கு வந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கும் ஒரு வரி. முன்பின் இல்லாமல் அந்த ஒரு வரியை மட்டும் நீட்டினால் யாருக்குமே ஒட்டாது.

அந்தக் கடிதம் யாருக்குப் போனது என்று பாருங்கள். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும், பிரபுக்களையும், தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். வேலை, வீடு, ஊர் எல்லாம் ஒரே அடியில் போனவர்கள் அவர்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் அடித்துச் சொல்கிறான். கேட்க எவ்வளவு இதமாக இருந்திருக்கும்! தீர்க்கதரிசி எரேமியாவோ, 70 வருஷம் ஆகும் என்று பாபிலோனில் இருக்கிறவர்களுக்கு எழுதி அனுப்புகிறார். உங்கள் 11ஆம் வசனம் அந்த 70 வருஷத்துக்கு அடுத்த வரி. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் திரும்பிப்போவதைப் பார்க்கவே மாட்டார்கள். ஆகவே, ‘இந்த வேலை போகாது’ என்றோ ‘அடுத்த மாதமே இதைவிட நல்ல வேலை வரும்’ என்றோ அது உங்களுக்குக் கொடுத்த வாக்கு அல்ல. அப்படிச் சொல்லி அனுப்புகிறவர்கள் அன்பினால்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவது அனனியாவின் பேச்சு.

அதற்கு முன்னால் 5 முதல் 7 வரை உள்ள வசனங்களை வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்புவதில்லை. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் எரேமியா. காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேதத்தில் அதிகம் இல்லை.

8ஆம் வசனம், உங்கள் நடுவில் இருக்கும் குறிகாரருக்குக் காதுகொடுக்க வேண்டாம் என்கிறது. கண்ணை மூடிப் பைபிளைத் திறப்பதும் பாதிக் குறிதான். இன்று வம்ச வரலாறு வந்தது, நல்லவேளை. ‘புறப்பட்டுப் போ’ என்று வந்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள் அல்லவா? அதே எரேமியா ஒரு நிலம் வாங்கியதை 32ஆம் அதிகாரத்தில் பாருங்கள். நகரம் முற்றுகையில், அவர் காவலில். ஆனாலும் 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்து, பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, முத்திரை போட்டு, மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். வாங்கு என்றது கர்த்தருடைய வார்த்தை. ஆனாலும் கணக்கிலும் காகிதத்திலும் ஒன்றையும் அவர் விடவில்லை.

உங்கள் பாரத்தையும் அப்படியே நிறுத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாதவரைக் கம்பெனியே ஆட்குறைப்புச் செய்தால், 5 வருஷமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் சட்டப்படியான குறைந்தபட்ச இழப்பீடு. 11 வருஷத்துக்கு 220 நாள். வி.எஸ்.எஸ். தொகை அதைவிட எவ்வளவு கூட என்று பக்கத்தில் எழுதுங்கள். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதித் திட்டத்துக்கு வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வி.எஸ்.எஸ். எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம், தானாக ராஜினாமா கொடுத்தவர் முடியாது. ஆகவே பாரத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பேனாவைத் தொட வேண்டாம். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னது லூக்கா 14:28இல் இருக்கிறது.

இனி வாசிப்பு. அட்டவணையில் நீங்கள் தோற்றதற்குக் காரணம் எளிய கூட்டல்தான். புரொட்டஸ்டண்ட் பைபிளில் 1,189 அதிகாரங்கள். வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கும் மேல் வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி முடியும் முன்னே லேவியராகமத்தின் பலிச் சட்டங்களில் வந்து நிற்பீர்கள். நடுவில் நான்கு நைட் ஷிஃப்ட் வந்தால் 13 அதிகாரம் பாக்கி. பாக்கியைத் துரத்தி ஓடுகிறவருக்கு எதுவும் உள்ளே இறங்காது. அட்டவணையை மூடிவையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு எரேமியா 29:1–14 மட்டும் போதும். முதல் லீவு நாளில் 28ஐயும் 29ஐயும் சத்தமாக ஒரே மூச்சில் வாசியுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. பழைய மொழிபெயர்ப்பின் நடை தடுக்கினால் 1995இல் வந்த ‘திருவிவிலியம்’ என்ற மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தினமும் அதே 14 வசனங்கள், போகிற பஸ்ஸில். திரும்பும் பஸ் வேண்டாம், தூக்கம்தான் வரும். நைட் ஷிஃப்ட் முடிந்து படுக்கையில் சாய்ந்து படிப்பதும் அப்படித்தான். போனில் வாசித்தால் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாம் வசனத்தில் ஒரு மெசேஜ் வரும், அங்கேயே நின்றுவிடும்.

ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது? அவர்களை என்ன செய்யச் சொன்னது? என் நிலை அவர்களுடையதிலிருந்து எங்கே வேறுபடுகிறது? மூன்றாவதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள், தவறும் அங்கேதான் நடக்கிறது. நீங்கள் நாடுகடத்தப்பட்டவர் அல்ல. 70 வருஷமும் உங்கள் கணக்கு அல்ல. ஆனால் நீங்களும் முடிவு தெரியாமல் காத்திருக்கிறீர்கள்; சேர்ந்து சாப்பிடும், சேர்ந்து பயப்படும் ஒரு லைன் உங்களுக்கும் இருக்கிறது. பாரத்தைப் படிக்கத் தெரியாமல் விழிக்கும் பக்கத்து மெஷின் அக்காவுக்கு அதை விளக்கிச் சொல்வது, பட்டணத்தின் சமாதானம் பற்றிய 7ஆம் வசனத்துக்குள் வருமா, வராதா? அந்த மாதிரி ஒரே ஒரு காரியத்தை அன்றைய தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம்.

ஒன்றும் தோன்றாத நாளும் வரும். அன்று சங்கீதம் 13 வாசியுங்கள். ஆறே வசனங்கள், முதல் இரண்டிலேயே ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை. அதுவும் ஜெபம்தான். 88ஆம் சங்கீதமோ கடைசி வரியிலும் இருட்டிலேயே முடிகிறது. அதையும் யாரும் வெட்டி எடுக்காமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் பிலிப்பியர் எடுங்கள். நான்கே அதிகாரம், பவுல் சிறையிலிருந்து எழுதியது. ‘எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற 4:13ஐ அதற்கு முந்தின இரண்டு வசனங்களோடு சேர்த்துப் படித்தால், அது பரீட்சையில் ஜெயிப்பதைப் பற்றியா, பட்டினியிலும் நிறைவிலும் நிலைத்திருப்பதைப் பற்றியா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். லேவியராகமத்துக்குத் திரும்ப நினைத்தால் முதல் அதிகாரத்தில் தொடங்க வேண்டாம். 19இல் தொடங்குங்கள். கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்காதே என்கிற சட்டம் 13ஆம் வசனத்தில் இருக்கிறது. ஃபேக்டரியில் வேலை செய்கிற உங்களுக்கு அதற்கு உரை எழுதித்தர ஆள் தேவையில்லை.