'அகண்ட', 'அகன்ற' இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. ஒலி நெருக்கமாக இருப்பதால் பேச்சில் கலந்துவிட்டன. 'அகன்ற' என்பது அகல் என்ற தமிழ் வினையிலிருந்து வருவது. அகலமும் அதன் உறவுதான். 'அகண்ட' வடமொழி வழி வந்தது. கண்டம் என்றால் துண்டு, முன்னால் நிற்கும் அகரம் மறுப்பு. ஆக, துண்டுபடாதது, இடையில் அறுபடாதது.

கண்டம் நமக்குப் பழகிய சொல்தான். உப்புக்கண்டம் என்பது உப்புப் போட்டுக் காயவைத்த கறித்துண்டு. 'கண்டந்துண்டமா வெட்டிட்டான்' என்கிறோம்.

அகண்ட நாமம் என்றால் ஆள் மாறி மாறி உட்கார்ந்து, இரவு பகலாக நாமம் நிற்காமல் சொல்வது. அகண்ட தீபம், எண்ணெய் வற்றவிடாமல் அணையாது காக்கும் விளக்கு. இரண்டிலும் அகலத்துக்கு வேலையே இல்லை. அகண்ட பாரதம் என்ற அரசியல் வழக்கிலும் 'பிரிபடாத' என்பதே பொருள்.

குழப்பம் வருவது அகண்ட காவிரியில்தான். மாயனூர், குளித்தலை, முசிறிப் பக்கம் ஆற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கரைக்குக் கரை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து கிடக்கும். அதனால் 'அகலமான காவிரி' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஆறு அப்படியே கிழக்கே போய், திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். கல்லணைக்கு அப்புறம் வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி என்று இன்னும் பல கிளைகள். டெல்டா முழுக்கத் துண்டுபட்டு ஓடப்போகிற ஆறு, முக்கொம்புக்கு முன்னால் மட்டும் ஒரே ஆறாக வருகிறது. எனக்கு இந்தப் பொருள்தான் பொருத்தமாகப் படுகிறது, அழகாகவும் இருக்கிறது. ஆறு அங்கே அகலமாகவும் இருப்பதால் 'அகன்ற காவிரி' என்று எழுதுவது பிழையாகாது. ஆனால் 'அகண்ட' என்று ஒருவர் எழுதியிருந்தால் தயவுசெய்து அதைத் திருத்தாதீர்கள்.

எழுதும்போது சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'துண்டுபடாத' என்று போட்டுப் பாருங்கள். பொருள் நின்றால் 'அகண்ட' சரி. 'அகண்ட சாலை', 'அகண்ட நெற்றி' இரண்டும் நிற்காது. அங்கே 'அகன்ற'தான் வேண்டும். இணையத்துக்குச் சொல்லும் 'அகண்ட அலைவரிசை'யும் அப்படித்தான், அதுவும் 'அகன்ற அலைவரிசை' என்றே இருக்க வேண்டும்.