பேட்டரி இருக்கட்டும், கார் இரவில் எங்கே நிற்கும்?

கேள்வி: எங்கள் பெட்ரோல் காருக்கு ஒன்பது வயது தாண்டிவிட்டது, மாற்ற வேண்டும். தினமும் போக வர 45 கி.மீ. ஓட்டம். மாதம் ஒருமுறை 350 கி.மீ. தள்ளி இருக்கும் பெற்றோர் வீட்டுக்குப் போவோம். குடியிருப்பது அடுக்குமாடியில். கையில் உள்ள பணத்துக்கு ஒரு புதிய சிறிய பெட்ரோல் கார் வாங்கலாம், அல்லது மூன்று வருடம் ஓடிய, 40 யூனிட் பேட்டரி உள்ள மின்சார கார் வாங்கலாம். எட்டு வருடத்தில் பேட்டரி செத்துவிடும், தீப்பிடிக்கும், சொன்ன தூரம் ஓடாது, திரும்ப விற்கவே முடியாது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: உங்களிடம் பேசியவர்கள் எல்லோரும் பேட்டரியைச் சுற்றியே நிற்கிறார்கள். உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்கப்போவது அடுக்குமாடி என்கிற அந்த ஒரு சொல்தான். உங்கள் கார் நிற்கும் இடத்துக்கு உங்கள் சொந்த மின் மீட்டரிலிருந்து ஒரு லைன் இழுக்க முடியுமா? முடியாது என்றால், அலுவலகத்தில் சார்ஜ் போட உறுதியான வசதி இருந்தாலொழிய, பெட்ரோல் காரையே வாங்குங்கள். பொது ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பி தினசரி ஓட்டம் ஓடினால், யூனிட்டுக்குப் பல இடங்களில் வீட்டுக் கட்டணத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கொடுக்க நேரும். வரிசையில் நிற்கும் நேரம் தனி. இப்படி மாட்டிக்கொண்டவர்கள்தான் ஒரு வருடத்தில் காரை விற்றுவிட்டு, மின்சார காரே மோசம் என்று சொல்லித் திரிகிறார்கள்.

லைன் கிடைக்கும் என்றால் கணக்கு எளிது. இந்த அளவுள்ள கார் 100 கி.மீ. ஓட ஏறக்குறைய 16 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 18 யூனிட். உங்கள் 45 கி.மீ.க்கு எட்டு யூனிட் போதும். 220 முதல் 240 வோல்ட் மின்சாரம் உள்ள நாடுகளில் சாதாரண 10 ஆம்பியர் சாக்கெட்டே மணிக்கு 2.3 யூனிட் தரும். அதாவது, தினசரி ஓட்டத்துக்கு மூன்றரை மணி நேரச் சார்ஜ். 7.4 கிலோவாட் சுவர் சார்ஜர் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று யாராவது சொன்னால், அவர் அதை விற்பவராக இருக்கலாம். இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

பெட்ரோலோடு ஒப்பிடவும் ஒரு குறுக்குவழி உண்டு. அதே அளவு பெட்ரோல் கார் 100 கி.மீ.க்கு 6 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 யூனிட்டுக்கு 6 லிட்டர் என்றால், ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட். உங்கள் ஊரில் ஒரு லிட்டர் பெட்ரோல் விலை மூன்று யூனிட் மின்சாரத்தின் விலையைவிட எவ்வளவு கூடுதலோ, அதுதான் ஒவ்வொரு லிட்டருக்கும் உங்களுக்கு மிச்சம். வீட்டு மின்சாரத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் நன்றாகவே வரும். ஃபாஸ்ட் சார்ஜர் கட்டணத்தைப் போட்டுப் பாருங்கள், சில இடங்களில் மிச்சமே இருக்காது.

லைன் இழுக்கும்போது

குடியிருப்போர் சங்கத்திடம் வாய்வழிச் சம்மதம் வாங்கிக்கொண்டு காரை வாங்காதீர்கள். எந்த மீட்டரிலிருந்து, எந்த வழியாக, எத்தனை ஆம்பியர் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். கட்டடத்துக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமையில் இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வேலையைச் செய்பவர் எலெக்ட்ரீஷியன்தான் என்றாலும், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. 32 ஆம்பியர் சார்ஜருக்கு 6 சதுர மி.மீ. செம்பு ஒயர் வழக்கம். மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் 40 மீட்டர் என்றால் அதில் ஏறக்குறைய 8 வோல்ட் இழப்பு வரும், அதனால் 10 சதுர மி.மீ. போடுவது நல்லது. வீடுகளில் வழக்கமாக இருக்கும், மாறுமின் கசிவை மட்டும் கண்டறியும் 'ஏசி' வகை மின்கசிவுத் தடுப்பான் இதற்குப் போதாது. கார் சார்ஜரிலிருந்து நேர்மின் கசிவு வந்தால் அது செயலிழந்துவிடும், உண்மையான கசிவு வரும்போது விழாது. 30 மில்லி ஆம்பியர் 'பி' வகை போடலாம். சார்ஜரிலேயே 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டறியும் வசதி இருந்தால் 'ஏ' வகை போதும்.

எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் வேலையைத் தொடங்கவே மாட்டா. கார்தான் பழுது என்று சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

சாக்கெட்டில் போடுவதானால், தளர்ந்த சாக்கெட்தான் எதிரி. தொடர்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே 15 ஆம்பியர் ஓடும்போது அந்தப் புள்ளியில் 22 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு சின்ன சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக்குக்குள் இரவு முழுக்க வைத்தது போல. அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் சில நிமிடம் ஓடுவதால் தெரியாத குறை, கார் மணிக்கணக்கில் இழுக்கும்போது வெளியே வரும். முதல் நாள் ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. பிடித்திருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டவே வேண்டாம்.

எட்டு வருடம் என்பது என்ன?

அது பெரும்பாலான நிறுவனங்கள் தரும் வாரன்டிக் காலம். எட்டு வருடம் அல்லது 1,60,000 கி.மீ., அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருகிறோம் என்பது வழக்கமான வாசகம். ஒன்பதாம் வருடம் பேட்டரி செத்துவிடும் என்று அதற்குப் பொருளில்லை. முதல் ஓரிரு வருடங்களில் கொள்ளளவு சற்று வேகமாகக் குறையும், பிறகு மெதுவாகும். வெப்பமும், நூறு சதவீதத்தில் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதும்தான் அதை விரைவாகத் தேய்க்கின்றன. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த முதல் நிசான் லீஃபில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ அமைப்பு கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா போன்ற வெப்பப் பகுதிகளில் அவை சீக்கிரமே தேய்ந்தன. பேட்டரி செத்துவிடும் என்ற பேச்சுக்கு அந்தக் கார்கள் கொடுத்த தீனி கொஞ்சமல்ல. அதனால் நீங்கள் பார்க்கும் காரில் திரவக் குளிர்விப்பு உண்டா என்று முதலில் கேளுங்கள்.

வாரன்டித் தாளை முழுக்கப் படியுங்கள். கொள்ளளவு குறைவதற்கும் பொறுப்பேற்கிறார்களா, உற்பத்திக் குறைபாட்டுக்கு மட்டுமா? இரண்டாவது உரிமையாளருக்கு அப்படியே மாறுமா? வாடகைக்கு ஓடிய காருக்கு வேறு நிபந்தனையா? சர்வீஸ் தவறியிருந்தால் செல்லுமா?

காரைச் சோதிக்கும் விதம்

டேஷ்போர்டு காட்டும் 'மீதமுள்ள தூரம்' சாட்சியாகாது. கடைசியாக ஓட்டியவர் மெதுவாக ஓட்டியிருந்தால் அது அதிகமாகக் காட்டும். நீங்களே அளந்துவிடலாம். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, குறைந்தது 30 சதவீதம் சார்ஜ் இறங்கும் வரை ஓட்டுங்கள். உதாரணமாக 92 சதவீதத்தில் புறப்பட்டு 90 கி.மீ. ஓடி 55 சதவீதத்தில் நிற்கிறீர்கள், சராசரிச் செலவு 100 கி.மீ.க்கு 15.5 யூனிட் என்று காட்டுகிறது. செலவானது 13.95 யூனிட். அதை 0.37ஆல் வகுத்தால் 37.7 யூனிட். புதிதில் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 40 என்றால், இப்போது 94 சதவீதம். பத்து சதவீதம் மட்டும் இறக்கிப் பார்த்தால் இந்தக் கணக்குக்கு மதிப்பில்லை. திரையில் ஒரு புள்ளி முன்பின் ஆனாலே விடை பத்தில் ஒரு பங்கு தவறும். ஏசி போட்டபடி நிறுத்தி வைத்திருக்கவும் கூடாது, சில கார்கள் அந்தச் செலவை இதில் சேர்ப்பதில்லை.

எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அதன் வோல்டேஜ் சார்ஜ் இறங்கினாலும் பெரிதாக மாறாது, எனவே திரையில் உள்ள சதவீதமே பிசகியிருக்கலாம். முந்தைய இரவு நூறு வரை சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லி, அங்கிருந்து தொடங்குங்கள். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த) வகையைத் தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. எல்.எஃப்.பி.யை வாரம் ஒருமுறையாவது நூறு வரை ஏற்றச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரே அறிவுரையை எல்லோருக்கும் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

மூன்று வயதுக் காரில் 85 சதவீதத்துக்குக் கீழே வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 80க்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். காரின் கணினியில் உள்ள தகவலைப் படிக்கும் ஓபிடி கருவி வைத்திருக்கும் மெக்கானிக் கிடைத்தால், சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது பேட்டரிக்குள் உள்ள செல்களுக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பலவீனமான செல் அப்போதுதான் தலைகாட்டும்.

பலர் தவறவிடும் சோதனை இது. காரை ஒரே நாளில் ஃபாஸ்ட் சார்ஜரிலும் போடுங்கள், சாதாரண சாக்கெட்டிலும் போடுங்கள். ஃபாஸ்ட் சார்ஜர் நேர்மின்சாரத்தை நேராகப் பேட்டரிக்கே தருகிறது. வீட்டில் போடும்போது காருக்குள் இருக்கும் சார்ஜர்தான் மின்சாரத்தை மாற்றுகிறது. அது பழுதாகியிருந்தாலும் ஃபாஸ்ட் சார்ஜரில் கார் ஒழுங்காகச் சார்ஜ் ஆகும். விற்பவர் ஏன் ஃபாஸ்ட் சார்ஜருக்கே கூட்டிப்போகிறார் என்று அப்போது புரியும்.

பிறகு காரைத் தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள். பேட்டரிப் பெட்டியில் நசுங்கலோ, ஆழமான கீறலோ, துருவோ இருந்தால் வேண்டாம். வெள்ளத்தில் நின்ற காரையும் தவிர்த்துவிடுங்கள். பேட்டரிக்குச் சொல்லப்படும் ஐ.பி. 67 என்ற நீர்புகாத் தரம் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரத்தைத்தான் குறிக்கிறது. தரைவிரிப்புக்கு அடியில் சேறு, இருக்கைத் தண்டவாளத்தில் துரு இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

12 வோல்ட் பேட்டரி இதிலும் உண்டு. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் உயிர்பெறாது. மூன்று வயதுக் காரில் மாற்றும் காலம் நெருங்கியிருக்கும். எடை காரணமாக டயர் சீக்கிரம் தேயும். பிரேக் குறைவாகப் பயன்படுவதால் டிஸ்க்கில் துரு ஏறியிருக்கலாம்.

தீ, தூரம்

மின்சார கார்கள் பெட்ரோல் கார்களைவிட அடிக்கடி எரிகின்றன என்பதற்கு ஆதாரமில்லை. ஸ்வீடன் நாட்டுப் பதிவுகள் அதற்கு நேர்மாறாகவே இருக்கின்றன. ஆனால் பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம், அணைந்தபின் மீண்டும் பற்றலாம். குறை உற்பத்தியிலும் நேரலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 2021இல் தன் ஷெவ்ரலே போல்ட் கார்கள் அனைத்தையும் திரும்ப அழைத்தது இப்படித்தான். ஒரே பேட்டரி செல்லில், கிழிந்த மின்முனையும், மின்முனைகள் ஒன்றையொன்று தொடாமல் பிரிக்கும் தாள் மடிந்திருந்ததும் சேர்ந்து அமைந்ததுதான் காரணம். நீங்கள் வாங்கும் காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அழைப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள்.

உங்கள் 350 கி.மீ. பயணத்தில் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 90 கி.மீ. வேகத்தைவிட 110இல் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நெடுஞ்சாலையில் 100 கி.மீ.க்கு 18 யூனிட் என்று வைத்தால், சற்றுத் தேய்ந்து 38 யூனிட் தரும் பேட்டரி நூறிலிருந்து 15 சதவீதம் வரை 180 கி.மீ. ஓடும். அங்கே நிறுத்தி ஃபாஸ்ட் சார்ஜரில் 80 சதவீதம் வரை ஏற்றினால் இன்னும் 137 கி.மீ. மொத்தம் 317. ஆக, அரைமணி தாண்டிய ஒரு நிறுத்தம், அதற்குமேல் சின்னதாக இன்னொன்று. 80க்கு மேல் ஏற்றக் காத்திருப்பது பெரும்பாலும் வீண், செல்களைக் காப்பாற்ற அதன்பின் சார்ஜ் ஏறும் வேகம் குறைக்கப்படும். பெற்றோர் வீட்டில் நல்ல சாக்கெட் ஒன்று இருந்தால், இரண்டு இரவுகளில் பேட்டரி நிறைந்துவிடும். குளிர்ப் பிரதேசத்தில் கணக்கு இன்னும் இறுகும், ஹீட்டர் எடுப்பது அதிகம். இந்த நிறுத்தங்கள் பிடிக்காவிட்டால், மாதம் ஒருமுறைக்கு மட்டும் பெட்ரோல் கார் வாடகைக்கு எடுப்பது அதிக விலையில் பெரிய பேட்டரி வாங்குவதைவிட மலிவாக முடியலாம்.

பணம்

மறுவிற்பனை பற்றிய பயம் நியாயமானது. புது மாடல்கள் விலை இறங்கி வரும்போது பழையவற்றின் மதிப்பும் சரிகிறது. ஆனால் அந்த முதல் சரிவை முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே சுமந்துவிட்டார், நீங்கள் வாங்குவது அதற்குப் பிறகு. கடனில் வாங்கினால் பேட்டரி வாரன்டியில் மீதமுள்ள ஐந்து வருடத்துக்குள் கடனும் முடிந்துவிட வேண்டும். மாதத் தவணையை மட்டும் சொல்லிப் பேசும் விற்பனையாளரிடம், வட்டியோடு மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். தவணைக் காலத்தை நீட்டினால், விற்க நினைக்கும் நாளில் காரின் விலையைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருக்கும். இன்ஷூரன்ஸ் கட்டணத்தை அந்தக் குறிப்பிட்ட காருக்கே கேட்டு வாங்குங்கள். முன்பணம் கொடுக்கும் முன், பேட்டரிச் சோதனையில் தேறாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாவி கைமாறும் நாளில் சார்ஜிங் கேபிள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய உரிமையாளர் தன் போன் செயலியிலிருந்து காரை நீக்குவதையும் உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கார் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், சில மாடல்களில் கதவையும் அவரால் திறக்க முடியும்.