ஷூவுல கத்தி வெச்ச கெழவி

கேள்வி: ஒரே ஒரு சீன்ல மட்டும் ஞாபகம் இருந்த ஒரு நடிகையோ நடிகரோ, நிஜத்துல எவ்ளோ பெரிய ஆளுன்னு பின்னாடி தெரிஞ்சு அசந்து போன அனுபவம் உங்களுக்கு உண்டா?

இருக்குங்க. பழைய ஜேம்ஸ் பாண்ட் படம் ஃப்ரம் ரஷ்யா வித் லவ் பாத்திருந்தீங்கன்னா கடைசியில வர்ற அந்த அம்மாவ மறந்திருக்க மாட்டீங்க. ஹோட்டல் வேலைக்காரி வேஷம் போட்டு ரூமுக்குள்ள வந்து, ஷூ முனையில வெஷம் தடவுன கத்திய நீட்டிக்கிட்டு பாண்டை எட்டி எட்டி ஒதைக்க வருவாங்க, அவரு ஒரு நாற்காலிய வெச்சு அவங்கள சுவத்தோட அமுக்கிப் புடிச்சுட்டு நிப்பாரு. எங்க அப்பாவுக்கு அந்தப் படம்னா உசுரு, அந்தம்மாவுக்கு அவரு வெச்ச பேரு ஷூ கெழவி. எனக்கும் ரொம்ப வருஷம் அவ்ளோதான் தெரியும்.

அப்புறம் ஒரு நாள் ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடுன மேக் த நைஃப் கேட்டுட்டு இருந்தேன். ஒரு கொலைகாரனப் பத்தின பாட்டு அது, கடைசியில அவன சுத்தி இருக்குற பொண்ணுங்க பேரா வரிசையா சொல்லிட்டு வருவாரு, அதுக்கு நடுவுல லோட்டே லென்யான்னு ஒரு பேரு. எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு தேடுனா, நம்ம ஷூ கெழவி! கதையில வர்ற பொண்ணுங்க பேருக்கு நடுவுல ஒரு நடிகையோட சொந்தப் பேரு என்ன பண்ணுதுன்னு தோண்ட ஆரம்பிச்சதுதான், ரெண்டு வாரம் வேற எதுவும் ஓடல.

1898ல வியன்னாவுல பென்சிங்னு கூலிக்காரங்க இருக்குற ஏரியாவுல பொறந்தவங்க. அப்பா குதிரை வண்டி ஓட்டுறவரு, அம்மா துணி வெளுத்துக் குடுத்து குடும்பத்த ஓட்டுனவங்க. கரோலினேன்னு பேரு வெச்சாங்க, ஆனா அது அவங்களுக்குன்னு யோசிச்சு வெச்ச பேரு இல்ல, முன்னாடியே செத்துப்போன ஒரு அக்காவோட பேரு. அந்த அக்கா நல்லா பாடுமாம், அப்பனுக்கு அது மேல கொள்ளப் பாசம். குடிச்சிட்டு வந்து நடு ராத்திரியில இந்தப் புள்ளய எழுப்பி பாடச் சொல்லுவானாம், செத்தவ மாதிரி வரலேன்னா அடி. இதப் படிச்சப்ப கொஞ்ச நேரம் ஃபோன கீழ வெச்சுட்டேன்.

அக்கம்பக்கத்துல இருந்த ஒரு சின்ன சர்க்கஸ்ல சின்ன வயசுலயே கயித்து மேல நடந்திருக்காங்க. பதினஞ்சு வயசு வாக்குல ஸ்விட்சர்லாந்து பக்கம் சூரிச்சுக்குப் போயி டான்ஸ் கத்துக்கிட்டு நாடகக் கம்பெனியில சேந்தாங்க, லோட்டே லென்யாங்கற பேரு அங்கதான் வந்துச்சு. 1921ல பெர்லின். அங்க பெருசா சான்ஸ் ஒண்ணும் கெடைக்கல, கியோர்க் கைசர்னு ஒரு நாடக ஆசிரியர் வீட்டுல புள்ளைங்களப் பாத்துக்கிட்டு வீட்டு வேலை செஞ்சுட்டு இருந்தாங்க. வீடு ஏரிக்கரையில. 1924ல ஒரு நாள், ஸ்டேஷன்ல ஒரு மியூசிக் டைரக்டர் வந்து எறங்குவாரு, போய் கூட்டிட்டு வான்னு கைசர் சொல்ல, இவங்க படக துடுப்பு போட்டு ஓட்டிட்டுப் போயி கூட்டிட்டு வந்தாங்க. சோடாபுட்டி கண்ணாடி போட்ட அந்த ஆளுதான் குர்ட் வைல். 1926ல கல்யாணம்.

லென்யாவுக்கு நோட்டு பாத்துப் பாடத் தெரியாது. முறையா சங்கீதமும் கத்துக்கல. ஆனா இவ பாடுனா கருசோ பாடுற மாதிரி ஜனம் உக்காந்து கேக்குதுன்னு வைலே எழுதியிருக்காரு, கருசோன்னா அந்தக் காலத்து ஆப்பெராவுல ஒண்ணாம் நம்பர்.

இப்ப பேரு விஷயத்துக்கு வர்றேன். 1928 ஆகஸ்ட் 31, பெர்லின்ல ஷிஃப்பவர்டாம் தியேட்டர், பிரெக்ட்ங்கற நாடக ஆசிரியர் எழுதி வைல் மியூசிக் போட்ட த்ரீ பென்னி ஆப்பெரா மொத நாள். ரிகர்சல் முழுக்க கூத்து. கதாநாயகி வேஷத்துக்குப் போட்டிருந்தவங்க பாதியில கழண்டுட்டாங்க, இது ஊத்திக்கும்னு ஊரே பேசிக்கிட்டு இருந்துச்சு, நாடகம் ஆரம்பிச்சா மொத பாட்டுக்கு, அதான் அந்த மேக் த நைஃப் பாட்டுக்கு, வெச்சிருந்த கைப்புடி சுத்துற ஆர்கன் மக்கர். இதுக்கெல்லாம் மேல, ஜென்னிங்கற விலைமாதுவா நடிச்ச லென்யா பேரு ப்ரோக்ராம் தாள்லயே இல்ல, அச்சடிச்சவங்க விட்டுட்டாங்க. எதுக்குமே சத்தம் போடாத வைல் அன்னிக்கு மேடைக்குப் பின்னாடி குதிச்சாராம், பொண்டாட்டிய மேடை ஏற விடமாட்டேன்னு. லென்யாதான் பரவால்ல விடுங்கன்னு சமாதானம் பண்ணிட்டுப் போயி பாடுனாங்க. நாடகம் பிச்சுக்கிட்டு போச்சு.

1931ல பாப்ஸ்ட்ங்கற டைரக்டர் அதப் படமா எடுத்தாரு, அதுலயும் ஜென்னி இவங்கதான். இந்தப் படத்துல ஒரு பாட்டு, தயவு செஞ்சு தேடிப் பாருங்க. லாட்ஜு மாதிரி ஒரு எடத்துல தம்ளர் கழுவி, படுக்கை தட்டிப் போடுற பொண்ணு ஒருத்தி, எட்டு பாயும் அம்பது பீரங்கியும் வெச்ச கப்பல் ஒண்ணு வரும், ஊர அழிக்கும், யாரக் கொல்லணும்னு என்னைய வந்து கேப்பாங்க, எல்லாரையும்னு சொல்லுவேன்னு பாடுறா. வேற யாரா இருந்தாலும் கண்ண உருட்டி கைய ஆட்டி ஒரு வழி பண்ணியிருப்பாங்க, இவங்க கிட்டத்தட்ட அசையாம நின்னுக்கிட்டு, மளிகைக் கடை பாக்கி சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போறாங்க. தலை உருளும்போது ‘ஹொப்லா’ன்னு ஒரு வார்த்தை, கொழந்த தடுக்கி விழுந்தா நாம சொல்ற மாதிரி. அந்த எடத்துல எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு.

1933ல ஹிட்லர் வந்ததும் வைல் யூதருங்கறதால பாரிசுக்கு ஓட வேண்டியதாப் போச்சு. அதே வருஷம் டைவர்சும் ஆச்சு, இவங்க வேற ஒரு பாடகரோட பழக்கத்துல இருந்தாங்க. ஆனா டைவர்ஸ் பண்ணவங்க 1935ல ஒண்ணாவே கப்பல் ஏறி நியூயார்க் போயி 1937ல திரும்பக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, இந்த ரெண்டு பேரையும் புரிஞ்சுக்க நான் முயற்சி பண்றதில்ல. அமெரிக்காவுல வைல் பிராட்வேல, அதான் நியூயார்க்கோட பெரிய நாடகத் தியேட்டருங்க இருக்குற எடத்துல, மேல போனாரு, இவங்களுக்கு பெருசா எதுவும் அமையல, 1945ல ஒரு நாடகம் படு ஃப்ளாப், போதும்டா சாமின்னு நடிப்பையே விட்டுட்டாங்க. 1950ல வைல் அம்பது வயசுல ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு.

இதோட முடிஞ்சிருக்கணும் கதை. அடுத்த வருஷம் கட்டிக்கிட்ட ஜார்ஜ் டேவிஸ்ங்கற பத்திரிகை ஆசிரியர்தான் விடாம நச்சரிச்சு இவங்கள மறுபடி மேடை ஏத்துனாரு. 1954ல நியூயார்க்ல கிரீனிச் வில்லேஜ் பக்கம் ஒரு குட்டி தியேட்டர்ல த்ரீ பென்னி ஆப்பெரா இங்கிலீஷ்ல, இருபத்தொம்பது வயசுல போட்ட அதே ஜென்னி வேஷம் அம்பத்தஞ்சு வயசுல. நடுவுல ஒரு தடவ நிறுத்தி 1955ல திரும்ப ஆரம்பிச்சது 1961 வரைக்கும் ஓடி மொத்தம் 2,707 காட்சி. அவங்களுக்கு 1956ல நாடகத்துக்குக் குடுக்குற டோனி அவார்டு, பிராட்வேக்கு வெளிய நடக்குற நாடகத்துக்கு அது கெடைக்கறதெல்லாம் ரொம்ப அபூர்வம்.

குரல் மட்டும் வேற ஆயிருந்துச்சு. 1930 வாக்குல பதிவு பண்ணத கேட்டா மெலிசா, கீச்சுன்னு, குறும்புக்காரப் பொண்ணு குரல். அம்பதுகள்ல பதிவு பண்ணத கேட்டா கரகரன்னு கட்டக் குரல், சுதிய எறக்கிட்டுதான் பாடுனாங்க. நெறைய பேருக்கு கட்டக் குரல்தான் புடிக்குது, எனக்கு அந்தக் கீச்சுக் குரல்தான். அந்தப் பிஞ்சுக் குரல்ல எல்லாரையும் கொல்லுன்னு கேக்கறதுல இருக்குற பயம் பின்னாடி பாடுனதுல இல்ல.

ஆம்ஸ்ட்ராங் பாட்டு 1955ல ரெக்கார்டு பண்ணும்போது லென்யா அந்த ஸ்டூடியோலதான் இருந்தாங்க, பேரு வரிசையில மனுஷன் அவங்க பேரையும் எடுத்து சொருகிட்டாரு. 1959ல வந்த பாபி டேரின்ங்கற பாடகரோட ரெக்கார்டுலயும் அந்தப் பேரு அப்படியே இருந்துச்சு, அது அமெரிக்காவுல நம்பர் ஒன் ஹிட். ப்ரோக்ராம் தாள்ல விட்டுப்போன பேரு!

1961ல ரோமன் ஸ்ப்ரிங் ஆஃப் மிஸஸ் ஸ்டோன்ல நடிச்சு ஆஸ்கர் நாமினேஷன், 1963ல பாண்ட் படம், அப்ப வயசு அறுபத்தி நாலு. அதுக்கப்புறம் யார் புதுசா பாத்தாலும் மொதல்ல என் காலத்தான் பாக்குறாங்கன்னு சிரிப்பாங்களாம். ஆனா எனக்கு டைம் மெஷின் கெடச்சா நான் போற எடம் 1966, பிராட்வேல கேபரேங்கற பாட்டு நாடகம். பெர்லின்ல ரூம் வாடகைக்கு விடுற வயசான அம்மா வேஷம். பழக்கடை வெச்சிருக்குற ஒரு யூதப் பெரியவரு அன்னாசிப்பழம் கொண்டாந்து குடுத்து மெதுவா காதல் வளந்து நிச்சயம் வரைக்கும் போவும், நாஜிக்காரங்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும் பயந்துபோயி இந்தம்மா வேணாம்னுடுவாங்க, நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்கன்னு ஒரு பாட்டு பாடுவாங்க. அந்த பெர்லின்ல நெஜமாவே வாழ்ந்து, யூதரான வைலோட அமெரிக்கா வந்தவங்க அதப் பாடி கேக்கணும். 1972ல படமா எடுத்தப்ப இந்தக் காதலையே தூக்கிட்டாங்க, அதுல லென்யாவும் கெடையாது, எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

1981ல நியூயார்க்ல கேன்சர்ல போனாங்க, எம்பத்தி மூணு வயசு. மொத்தம் நாலு பேர கல்யாணம் பண்ணியிருந்தாலும் பொதச்சது வைல் பக்கத்துல.

இதெல்லாம் ஒரு ஞாயித்துக்கெழம அப்பாகிட்ட ஒக்காந்து சொன்னேன். பாட்ட போட்டுக் காட்டுனேன், அந்தப் பேரு வர்ற எடத்த ரெண்டு தடவ ஓட்டிப் போடச் சொன்னாரு. பேரு மட்டும் இன்னும் அவரு வாயில நுழையல, ஷூ கெழவி பாட்டு போடுன்னுதான் கேக்குறாரு.